மனை வாங்கும் முன் தவளையையும் விசாரியுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்பத்தோடு மனை பார்க்கப் புறப்படுகிறீர்கள். கூட வரும் புரோக்கர் கெட்டிக்காரர். "கிழக்குப் பார்த்த மனை ஸார், முப்பதடி ரோடு, ஸ்கூல் பக்கம், பத்தடி தோண்டினா தண்ணி" என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். வீட்டுக்காரம்மா வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார். ஐயா பேங்க் லோனை மனசுக்குள் கணக்குப் போடுகிறார். கூட வந்த பெரியவர், "வில்லங்கம் பார்த்தாச்சா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். வீட்டு வாண்டு மட்டும், "அம்மா, அங்கே பாரேன், எவ்வளவு கொக்கு! தவளைகூடக் கத்துது!" என்கிறது. யார் காதிலும் விழவில்லை.

அன்றைக்கு அங்கே பேசியதிலேயே முக்கியமான தகவல், அந்த வாண்டு சொன்னதுதான்!

கொக்கு, தவளை, கோரைப்புல், பத்தடியில் தண்ணீர்... இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன அர்த்தம்? அது மழைத் தண்ணீர் வந்து தங்குகிற இடமாக இருக்கலாம். இன்றைக்குக் காய்ந்து கிடக்கலாம். ஐந்து வருஷமோ, பத்து வருஷமோ கழித்து ஒரு கார்த்திகை மாசம், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வரும். அப்போது அந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பீர்கள்.

'உடம்பைப் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் மனை, பட்டா என்றெல்லாம் என்ன பேச்சு?' என்று நினைக்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். நாம் குடிக்கிற தண்ணீர், சுவாசிக்கிற காற்று, நம்மைக் கடிக்கிற கொசு, மழை விட்டதும் வருகிற ஜுரம் - இந்த நாலுமே, ஊரில் எந்த நிலத்தை எதற்காக உபயோகிக்கிறோம் என்பதோடு சம்பந்தப்பட்டவை. அதைத் தீர்மானிக்கிறது ஒரு வரைபடம். அந்த வரைபடத்தில் உங்களுக்கும் பேச்சுரிமை உண்டு.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ளச் சென்னைக்குத் தெற்கே இருக்கிற பள்ளிக்கரணையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலை ஓரத்திலேயே கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் தண்ணீருமாக ஒரு வெளி. அந்தக் காலத்து ஜனங்கள் இதைக் 'கழுவெளி' என்றார்கள். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மழைத் தண்ணீர் வந்து பரந்து தங்கி, மெதுவாகக் கடலுக்குப் போகிற நிலம்.

தென் சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை, ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்து கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் தண்ணீர் போகிறது. வீட்டில் எல்லா அறைத் தண்ணீரும் ஒரே முற்றத்தில் வந்து விழுந்து, ஒரே தூம்பு வழியாக வெளியே போவது மாதிரி. முற்றத்தை மூடிவிட்டுத் தூம்பையும் அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? கூடத்துக்குத்தான் வரும்!

1960-களில் இந்தக் கழுவெளியின் பரப்பு சுமார் 5,000 ஹெக்டேர். அதாவது பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல். இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் மிஞ்சியது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி எங்கே போயிற்று? சாலையாக, ரயில் பாதையாக, ஆபீஸ் கட்டடங்களாக, அடுக்குமாடி வீடுகளாக, குப்பைமேடாக மாறிவிட்டது. ஒரே நாளில் யாரும் விழுங்கிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தில் கையெழுத்தாகி, ஒரு கலர் மாறி நடந்தது.

அந்த முற்றத்தை மூடியதன் பலன் 2015 டிசம்பரில் தெரிந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பகுதிகளில் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தெருவில் படகு ஓடியது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டின் தரைத்தளத்தில் சாக்கடை கலந்த தண்ணீர். ஃபிரிட்ஜும் கட்டிலும் போனால் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் டயாலிஸிஸ் நோயாளியோ, நிறைமாத கர்ப்பிணியோ இருந்தால்?

சதுப்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சதுப்பு நிலத்தை ஊரின் சிறுநீரகம் என்பார்கள். வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. சிறுநீரகம் எப்படி ரத்தத்தை வடிகட்டுகிறதோ, அப்படி இது தண்ணீரை வடிகட்டுகிறது. கோரையும் நாணலும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்ததும் வண்டல் அடியில் தங்குகிறது. வேர்களும் சேற்றில் உள்ள நுண்ணுயிர்களும் கழிவுச் சத்துக்களைத் தின்று கரைக்கின்றன. ஓரளவுக்குத் தெளிந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது.

கடலோர ஊர்களில் இன்னொரு லாபமும் உண்டு. நிலத்தடியில் இருக்கிற நல்ல தண்ணீர், கடல் பக்கத்திலிருந்து உள்ளே வரப் பார்க்கும் உப்புத் தண்ணீரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மேலே மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் சிமென்ட் போட்டு மூடி, கீழே போர் போட்டு உறிஞ்சினால், அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். அப்புறம் கிணறு உப்புக் கரிக்கும். லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் மாசாமாசம் அழ வேண்டியதுதான். ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களுக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். கிணற்றுத் தண்ணீரே உப்பாகிவிட்டால் அவர்கள் பாடு என்ன?

எல்லாம் சரி, சிறுநீரகத்துக்கும் ஒரு சக்திதான் உண்டு, இல்லையா? அளவுக்கு மீறிச் சாக்கடையையும் குப்பையையும் கொட்டினால் அதுவும் செயலிழக்கும். பள்ளிக்கரணையின் ஓரத்தில், பெருங்குடியில், 1980-களிலிருந்து நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. 200 ஏக்கருக்கும் மேல் மேடாகிவிட்டது. 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தைகளும் பட்ட அவஸ்தையைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை சமீப வருஷங்களில் நடந்து வருகிறது. கொட்டுவது சுலபம், அள்ளுவதுதான் கஷ்டம்!

"சதுப்பு இருந்தா கொசு வருமே ஸார்?"

அநேகம் பேர் கேட்கிற கேள்வி இது. 'சேறும் கொசுவும் இருக்கிற இடத்தை மூடினால் நல்லதுதானே' என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சதுப்பைத் தேடிப் போவதில்லை. உங்கள் வீட்டு மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு - இவைதான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகைக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறும் போதும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸுக்குத்தான் சாக்கடை பிடிக்கும்.

உயிருள்ள சதுப்பில் கொசுப்புழுவைத் தின்ன ஒரு பட்டாளமே இருக்கிறது. சின்னச் சின்ன மீன்கள், தட்டான்பூச்சியின் குஞ்சுகள், நீர்வண்டுகள். வளர்ந்த கொசுவைப் பிடிக்கத் தட்டானும், தவளையும், அந்தியில் பறக்கும் வௌவாலும் உண்டு. சாக்கடை கலந்து, மீன் செத்து, ஆகாயத்தாமரை மூடிக்கொண்ட சதுப்பில்தான் இந்தப் பட்டாளம் கலைந்து போகும், கியூலெக்ஸ் பெருகும். குற்றவாளி சதுப்பா, சாக்கடையா? நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று ஒரு பாடம் வருகிறதே, அது இதுதான். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுகிற வார்த்தை இல்லை. ஒன்று இன்னொன்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிற ஏற்பாடு. பள்ளிக்கரணையில் நூற்றுக்கும் அதிகமான பறவை இனங்களும், நாற்பதுக்கும் அதிகமான மீன் இனங்களும் பதிவாகியிருக்கின்றன. பூநாரை, கூழைக்கடா, தாழைக்கோழி, இலைக்கோழி எல்லாம் நகரத்தின் நடுவிலேயே வந்து இரை தேடுகின்றன. டிக்கெட் எடுக்காமல் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய காட்சி!

எல்லாம் ஒரு கலரில் இருக்கிறது

சரி, ஒரு நிலம் சதுப்பாக இருக்கலாமா, வீடாகலாமா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

'தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971' என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு நகரத்துக்கும் 'மாஸ்டர் பிளான்' எனும் முழுமைத் திட்டம் தயாரிக்கப்படுகிறது. வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு கலர், வியாபாரத்துக்கு ஒரு கலர், தொழிற்சாலைக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, திறந்தவெளிக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். சென்னைக்கு இதைச் செய்கிறது சி.எம்.டி.ஏ. மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் அந்தந்த உள்ளூர்த் திட்டக் குழுமங்களும். சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல், 2026-ஆம் வருஷத்தை இலக்காக வைத்து வந்தது. மூன்றாவது, 2027-லிருந்து 2046 வரைக்குமானது. அதாவது இன்றைக்கு ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற உங்கள் பிள்ளை கல்யாணம் பண்ணிக் குடித்தனம் வைக்கிற காலம் வரைக்கும்!

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? பழைய வருவாய்க் கணக்கில் சதுப்பு, மேய்ச்சல் நிலம், முள்காடு எல்லாம் வரி தராத நிலம். 'புறம்போக்கு', 'தரிசு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கணக்கில் தரிசு என்று எழுதியிருந்தால், 'சும்மாதானே கிடக்கிறது' என்று எல்லோருக்கும் தோன்றும். புதிய ஆபீஸ் கட்டவும், குப்பை கொட்டவும், ரோடு போடவும் முதலில் கை நீள்வது அங்கேதான். ஒரு வார்த்தை செய்கிற வேலை!

அதே காகிதத்தை வைத்துக் காப்பாற்றவும் முடியும். பள்ளிக்கரணையைச் சுற்றிக் குடியிருந்த சாதாரண ஜனங்கள், குப்பைப் புகை தாங்காமல் சங்கமாகச் சேர்ந்து மனுப் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஆய்வாளர்கள் பறவைகளையும் செடிகளையும் எண்ணிக் கணக்குக் கொடுத்தார்கள். 2007 ஏப்ரலில் 317 ஹெக்டேர் நிலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறை வசம் வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. 2022-ல், அந்தக் காட்டையும் அதற்கு வெளியே உள்ள நிலத்தையும் சேர்த்து 1,247 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2017-ல் வந்த ஈரநில விதிகளின்படி இப்படிப்பட்ட இடத்தில் ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது. கடந்த பத்து வருஷ வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கட்டவும் கூடாது.

போனது போனதுதான். ஆனால் மிஞ்சிய பங்கு, பேர் மாறியதால்தான் மிஞ்சியது.

நாம் என்ன செய்ய முடியும்?

'இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கு எதுக்கு வம்பு' என்று ஒதுங்கிவிடாதீர்கள். சட்டமே உங்களைக் கூப்பிடுகிறது.

மாஸ்டர் பிளானின் வரைவு தயாரானதும் அதை வெளியிட்டு ஜனங்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இது எங்கள் ஊர்த் தாங்கல், மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்கும், இதைத் திறந்தவெளியாகவே வைக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நாலு வருஷம் மழையில் எடுத்த போட்டோ இருந்தால் இணைத்துவிடுங்கள். அதைவிடப் பலமான சாட்சி இல்லை. நடுவில் யாராவது நில உபயோகத்தை மாற்றக் கேட்டால், அதற்கும் பத்திரிகையில் அறிவிப்பு வரும். வரி விளம்பரம்தானே என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!

மாநகராட்சி, நகராட்சிகளில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் இருக்கின்றன. கிராமத்தில் கிராம சபை. இவற்றின் பலம் என்ன என்று சந்தேகப்படுகிறவர்கள் மதுரைப் பக்கம் பாருங்கள். அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்றும் சுனையும் வல்லூறும் உள்ள இடம். 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. சுற்றுவட்டார கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஜனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது.

இன்னொரு விஷயம். 2002-ல் வந்த உயிரியப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிரியப் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள மரம், செடி, பறவை, மீன், மூலிகை எல்லாவற்றையும் எழுதிவைக்கும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' அவர்கள் பொறுப்பு. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த கீரைகளின் பெயர்கூட அதில் ஏறலாம். ஏட்டில் ஏறிய உயிரை, 'இங்கே ஒண்ணுமே இல்லை' என்று சொல்லிவிட்டுப் புல்டோசரைக் கொண்டுவருவது கஷ்டம்.

மனை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

• வில்லங்கச் சான்று போதாது. அது நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் வைத்தார்கள் என்று சொல்லும். நிலம் என்னவாக இருந்தது என்று சொல்லாது. 'ஏ' பதிவேட்டைப் பாருங்கள். அரசாங்க இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால் என்று எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம்.

• மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம் என்று கேளுங்கள். சென்னைப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம். 'விரைவில் மாற்றிடுவோம் ஸார்' என்ற வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

• ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கவனியுங்கள். ஏரி, தாங்கல், கேணி, மடு, ஏந்தல், ஓடை என்று பழைய ஜனங்கள் சும்மா பெயர் வைக்கவில்லை.

• வெயில் காலத்தில் பார்த்த மனையை ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்துத் தெரு டீக்கடைக்காரரிடம், "போன பெருமழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்!

• பெரிய மனைப்பிரிவாக இருந்தால், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால், ரோடு போக மீதியில் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கியே ஆக வேண்டும். லேஅவுட்டில் அது எங்கே என்று கேளுங்கள். குடிபோன பிறகு, அது பூங்காவாக இருக்கிறதா, யாருடைய கார் ஷெட்டாவது ஆகிவிட்டதா என்று சங்கத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டிவிட்டீர்களா?

பதற வேண்டாம். லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு அங்குலம் விடாமல் சிமென்ட் பூசுவதை நிறுத்துங்கள். மழைநீர்த் தொட்டியை ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்யுங்கள். சாக்கடையை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். அது நேராகச் சதுப்புக்குத்தான் போகிறது. வெள்ளம் வந்தால், கால் புண்ணோடு தண்ணீரில் நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாக உடம்புக்குள் நுழையும். வெள்ளம் வடிந்த சில நாளில் ஜுரமும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் வந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் போய், தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவுக்கு அப்பால் மிஞ்சியிருக்கிற கொஞ்சம் ஈரநிலத்தைக் 'காலி மனை' என்று நினைக்காதீர்கள். அது காலியாக இல்லை. உங்கள் வீட்டுக்குள் வர வேண்டிய வெள்ளத்தை அது தன் வயிற்றில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகும்போது, வில்லங்கம், வாசல், லோன் எல்லாம் பாருங்கள். தப்பில்லை. கூடவே அந்த வாண்டையும் அழைத்துப் போங்கள். "இங்கே என்னடா கண்ணு பார்த்தே?" என்று அவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கொக்கு, தவளை என்று அவன் ஆரம்பித்தால், செக் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள்!